பெருநாள் கஞ்சி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பது வருடமாக ஸ்பேனர் பிடித்த விரல்கள் இவை. பேனாவைக் கொடுத்தாலும் இறுக்கத்தான் பார்க்கின்றன. படித்ததும் ஆறாம் வகுப்பு வரைதான். எங்கே பெரிய 'ற' வரும், எங்கே சின்ன 'ர' வரும் என்பது இன்றுவரை எனக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம். எழுத்துப் பிழைகளை என் மகள் நஸ்ரின் திருத்திவிட்டாள். அவளாலும் திருத்த முடியாத பிழை ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கூச்ச சுபாவம் உள்ளவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பெருமையடிப்பான். ஆனால், மற்றவர்கள் நாற்பது வருடம் பெருமையடித்துச் செய்கிற சேதத்தை அந்த ஒரே தடவையில் செய்து முடித்துவிடுவான். நான் செய்தேன்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் எங்கள் வீட்டு முன்பக்கக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறேன். என் மனைவி ரஹிமா சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, நஸ்ரின். குணத்தில் என்னை உரித்து வைத்தவள். அதாவது, வாய் திறக்க மாட்டாள். தொடக்கப்பள்ளியில் சமாளித்துவிட்டாள். இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம், நாற்பது பேர் இருந்த வகுப்பில், ஒரு பக்கம் வாசி என்று எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் இறங்கியது.

கொஞ்ச காலம் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போம் என்று ரஹிமா முடிவு செய்தாள். பாடப் புத்தகங்கள் வாங்கினாள். மொழிப் பாடங்களை விடுமுறை நாட்களில் அவள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மீதியெல்லாம் வாரம் ஐந்து நாளும் நான். (ஆறாம் வகுப்பு படித்தவனை இடைநிலைப் பள்ளி ஆசிரியராக நியமித்த ஒரே பள்ளி எங்கள் வீடாகத்தான் இருக்கும்.)

புத்தகத்தைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே எனக்கு விளங்கியதைச் சொல்லிக் கொடுத்தேன். பின்னக் கணக்கை ஸ்பேனர் அளவுகளை வைத்து. வட்டத்தையும் கொள்ளளவையும் இஞ்சின் சிலிண்டரை வைத்து. குறுக்களவு இவ்வளவு, பிஸ்டன் இவ்வளவு தூரம் இறங்கும், அப்படியென்றால் இது எத்தனை சிசி இஞ்சின்? அதை அவள் பாடப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொள்வாள். சில நாள் கொட்டகையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து, 'அத்தா, நீங்க சொன்னதும் இதுல போட்டிருக்கிறதும் ஒன்னுதான்' என்பாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டே நான் கார்புரேட்டரைத் துடைப்பேன். உள்ளுக்குள் தலை சுற்றும். நான் பாதி தெரிந்து சொல்வது அவளிடம் போய் முழுதாகிவிடுகிறதே என்று.

இது பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். ரஹிமாவின் மூத்த அண்ணன், ஹாஜா மச்சான். பத்து பாகாட் என்கிற ஊரில் இருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். (ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான்.) பிள்ளை வீட்டில் கிடந்தால் பாழாகிவிடும், தன் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகட்டும் என்று மாதம் ஒரு தடவை போன் செய்வார். கெட்ட எண்ணம் இல்லை. அக்கறைதான். அதனால்தான் பதில் சொல்வதும் கஷ்டமாக இருந்தது. ரஹிமாவும் பாதி மனதாகிவிட்டாள். அண்ணன் சொன்னால் அவள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம் குடும்ப விருந்து என்று முடிவானது. வருடம் ஒரு வீட்டில் நடக்கும். அந்தத் தடவை ரஹிமாவின் தம்பி சலீமின் முறை. சலீம் காஹாங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மளிகைக் கடை வைத்திருக்கிறான். அறுபது பேர் வருகிறார்கள். ஆனால் எப்போதும் பிரியாணி ஆக்கும் பண்டாரி ஊருக்குப் போய்விட்டார். மச்சான் போனில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இடையில், 'ஒங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துல இதுக்கெல்லாம் பாடம் உண்டா மாப்ள?' என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "ஏன் இல்ல? நஸ்ரினே கணக்குப் போட்டு அறுபது பேருக்கும் ஆக்கிடுவா மச்சான்" என்றேன்.

மச்சான் நிதானமாகச் சொன்னார்: "சரி. ஆக்கட்டும். நல்லா வந்தா இனிமே இந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன். கணக்கு தப்பாப் போச்சுன்னா அன்னைக்கே என்னோட காடியில ஏறி பத்து பாகாட் வந்துரணும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். ஒரு புது நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் விருந்தில் தனித்தனித் தட்டு கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோறு வைத்து ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆகவே கணக்கும் சஹன் கணக்குதான். அறுபது பேருக்குப் பன்னிரண்டு சஹன். ஒரு சஹனுக்குப் பால் டின்னால் மூன்று டின் அரிசி. ஒரு டின் அரிசிக்கு ஒன்றரை டின் தண்ணீர். இவ்வளவு எனக்கும் தெரியும். அவள் அதோடு விடவில்லை. பெருநாள் முடிந்ததும் ஒரு சஹன் அளவு ஆக்கிப் பார்த்தாள். அடுத்த நாள் இரண்டு சஹன். அதற்கடுத்த நாள் மூன்று. (அந்த வாரம் முழுக்கப் பிரியாணி தின்றோம். பழுது பார்க்க வந்த மோட்டார்க்காரர்களும் தின்றார்கள். வியாபாரம் கூடியது.) ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாள், சோறு எப்படி வந்தது என்று எழுதினாள். சட்டி பெரிதாக ஆக ஆவியாகப் போவது குறைகிறது, கறியும் தயிரும் தண்ணீர் விடுகின்றன என்று என்னிடம் விளக்கினாள்.

நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை. ஆனால் ஆசிரியரே புரியவில்லை என்று சொன்னால் பள்ளிக்கூடம் என்னாவது?

விருந்தன்று காலையிலேயே காஹாங் போய்விட்டோம். குழாயில் தண்ணீர் வரவில்லை. சலீம் முதல் நாளே நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டில் பிடித்து வைத்திருந்தான். ஒன்று கழுவுவதற்கு. இன்னொன்றின் மேல் நஸ்ரின், 'சமையலுக்கு மட்டும், யாரும் கை வைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினாள். ஒரு குச்சியை அந்தப் பீப்பாயில் விட்டு ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பேனாவால் கோடு போட்டாள். எந்த வண்டியையும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும் என்பது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

பின்பக்கம் விறகு அடுப்பு. அதன் மேல் குளிப்பாட்டுகிற தொட்டி போல அண்டா. நஸ்ரின் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சலீமும் நானும் போட்டோம். பட்டை, ஏலம், வெங்காயம், தக்காளி, தயிர், ஆட்டுக்கறி. வாசனை எழுந்தபோது என் கூச்சம்கூடக் கொஞ்சம் போய்விட்டது. கறி வெந்ததும் டின் டின்னாக எண்ணித் தண்ணீர் ஊற்றினாள். அது கொதிப்பதற்குள், ஊறிய அரிசியை வடித்து எடுத்து வருவதாகச் சொல்லிச் சலீமையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னாள். அடுப்பை மட்டும்தான்.

நோட்டு முக்காலி மேல் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். அரிசி முப்பத்தாறு டின். சரி. தண்ணீர் நாற்பத்தெட்டு டின்.

நாற்பத்தெட்டா? விரலை மடக்கி எண்ணினேன். முப்பத்தாறுக்கு ஒன்றரை மடங்கு ஐம்பத்து நான்கு. எப்படி எண்ணினாலும் ஐம்பத்து நான்குதான் வந்தது. பிள்ளை ஆறு டின் விட்டுவிட்டாள். அறுபது பேர் வரப்போகிறார்கள். மச்சானின் கார் வாசலில் நிற்கிறது. பின்சீட்டில் என் மகள் துணிப்பையோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம். நான் போகவில்லை. நான் கண்டுபிடித்த தப்பை, யாருக்கும் தெரியாமல் நானே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். டின்னைக் காணவில்லை. (அவள் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.) சமையல் பீப்பாய்ப் பக்கத்தில் தண்ணீர் மொள்ளும் கயோங், பிடி வைத்த குவளை, ஒன்று கிடந்தது. பார்வைக்கு இரண்டு டின் கொள்ளும் போல இருந்தது. மூன்று கயோங் ஊற்றினேன். ஆறு டின். மனது நிம்மதியானது.

நஸ்ரின் அரிசியோடு வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள்.

"ஏதாச்சும் போட்டீங்களா அத்தா?"

"இல்லையே" என்றேன். ரமலான் மாதம் முழுதும் ஒரு பொய் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். இதற்காகத்தான் போலிருக்கிறது.

அரிசியைப் போட்டு, கிளறி, கொதி அடங்கியதும் மூடினாள். மூடி மேல் கங்கு அள்ளி வைத்துவிட்டு, சஹன்களை எண்ணி அடுக்க உள்ளே போனாள். அப்போதுதான் ரஹிமாவின் அத்தை, செய்தூன் மாமி, அந்தப் பக்கம் வந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தும் அவர் வாய்க்குத் தப்பியதில்லை. விறகைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். பண்டாரி இல்லாத பிரியாணி பாதி நேரம் அடிபிடித்துத்தான் முடியும், தண்ணீர் பத்தாவிட்டால் பிறகு சுரண்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மூடியை நகர்த்திப் பார்த்தேன். சோறு மேலே காய்ந்தது போலத் தெரிந்தது. மறுபடியும் மூன்று கயோங்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் பின்பக்கம் கூடிவிட்டார்கள். மச்சான் முன்னால் நின்றார். சலீம் கங்கைத் தள்ளி மூடியைத் திறந்து, பெரிய கரண்டியை விட்டுத் தூக்கினான். சோறு உதிரவில்லை. மொத்தமாக எழுந்து, யோசித்து, 'பொத்' என்று திரும்ப விழுந்தது. கறித்துண்டுகள் சேற்றில் சிக்கிய மாடுகள் போல நின்றன.

செய்தூன் மாமிதான் முதலில் பேசினார். "நோன்புல ஒரு மாசம் குடிச்சது போதாதாலா? பெருநாளைக்கும் கஞ்சியா?"

பின்னாலிருந்து யாரோ, "பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். நோன்பு திறக்கக் காத்திருப்பவர்கள் போலச் சிலர் தரையில் வரிசையாக உட்கார்ந்தே காட்டினார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினார். "காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. சட்டியில இல்லியே" என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். "ரஹிமா, புள்ள துணிய எடுத்து வை."

ரஹிமா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஒரு விறகை எடுத்து நகர்த்தி வைத்தேன். நாற்பது பேர் முன்னால் மணி அடிக்கும்வரை நின்ற பிள்ளை யாருடைய பிள்ளை என்று அப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

"மாமா."

மிகச் சின்னக் குரல். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நஸ்ரின்தான்.

"கணக்கு தப்பு இல்ல மாமா. தண்ணி கூடப் போயிருக்கு. எவ்ளோன்னு பார்த்துச் சொல்றேன்."

அவள் குச்சியை எடுத்துக்கொண்டு நீலப் பீப்பாயிடம் போனாள். உள்ளே விட்டாள், எடுத்தாள், ஈரம் நிற்கும் இடத்தில் கட்டை விரலை வைத்தாள். காலையில் போட்ட கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். என்ன செய்கிறாய் என்று மச்சான் கேட்டார்.

"ஏழரை சென்டி எறங்கியிருக்கணும் மாமா. பதினொன்னேகால் எறங்கியிருக்கு. பீப்பாயும் சிலிண்டர்தான். மோட்டார் சிசி பார்க்குற மாதிரி பார்த்தா வந்துரும். அத்தா சொல்லிக் குடுத்தாங்க." கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். "இருபத்து நாலு டின் கூட ஊத்தியிருக்காங்க."

அந்தக் கணக்கின் ஒவ்வொரு துண்டும் என் கொட்டகையில் கிடந்ததுதான். எண்ணெய் பார்க்கிற கம்பி, சிலிண்டரின் குறுக்களவு, பிஸ்டன் இறங்குகிற தூரம். துண்டுகளாக மட்டுமே எனக்குத் தெரியும். அவற்றைக் கோத்து, நடந்து முடிந்து கண்ணுக்குத் தெரியாமல் போன ஒன்றை வெளியே இழுத்துக் காட்டலாம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் இடுப்பு உயரத்தில் பார்த்த பிள்ளை அன்று எனக்கு அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நின்றாள்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தார். அடித்துவிட்டு மறுபடி போட்டார். அவர் முடிக்கும்வரை அவள் மரியாதையாகக் காத்திருந்தாள்.

"இருபத்து நாலு" என்றார் மச்சான். அவர் குரல் மாறியிருந்தது. "யாரு ஊத்துனது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். நஸ்ரின் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் தலையைக் குனிந்திருக்கிறாள் என்று புரிந்ததும், நான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

"நான்தான் மச்சான். ஆறு கயோங். ஒரு கயோங் ரெண்டு டின்னுன்னு நெனச்சேன்."

"நாலு அத்தா" என்றாள் நஸ்ரின், மெதுவாக.

ஏன் ஊற்றினாய் என்று மச்சான் கேட்டார். எனக்கு ஐம்பத்து நான்கு வந்தது, அவள் நாற்பத்தெட்டு எழுதியிருந்தாள், தப்பென்று நினைத்தேன் என்றேன். இருபது வருடத்தில் அந்தக் குடும்பத்தின் முன்னால் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

நஸ்ரின் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல அத்தா?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "கேட்டா எனக்குத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிருமே" என்றேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் அத்தா."

அறுபது பேரும் சிரித்த சிரிப்பில் சலீம் வீட்டுக் கோழிகள் செம்பனைக்குள் ஓடிவிட்டன. ரஹிமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் பசி சிரிப்பில் அடங்காது. இதை எப்படிச் சோறாக்குவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நஸ்ரின்தான், இது இனிமேல் சோறாகாது, பாதி வழியில் நிற்கிறது, கஞ்சியாகவே முழுதாக ஆக்கிவிடலாம் என்றாள். சலீம் கடையைத் திறந்து தேங்காய்ப் பால் பாக்கெட்டுகளை எடுத்து வந்தான். மாமி வெந்தயமும் இஞ்சியும் போட்டார். எத்தனை டின் தண்ணீர் என்று சலீம் நஸ்ரினைக் கேட்டான். டின் கணக்கில் கேட்டான். என்னை அந்தப் பக்கமே விடவில்லை.

அரை மணி நேரத்தில் வாசனை மாறியது. அசல் நோன்புக் கஞ்சி. ஆனால் அறுபது பேருக்குப் போட்ட அரிசி கஞ்சியானால் எத்தனை பேருக்கு வரும் என்று அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். சஹன்கள் உதவாது. கிண்ணம், தேநீர்க் கோப்பை, சலீம் கடையின் ஐஸ் டப்பா வரை வந்தன. குடிக்கக் குடிக்க அண்டா குறையவே இல்லை. அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள், செம்பனை வெட்டிவிட்டு வந்த ஆட்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பிலால் எல்லோரும் தூக்குச்சட்டியோடு வந்தார்கள். நோன்பு முடிந்த பிறகு யார் வீட்டில் கஞ்சி என்று வியந்துகொண்டே குடித்தார்கள். சிலர் மறுபடி வந்தார்கள்.

மச்சான் மூன்றாவது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நஸ்ரின் கூட்டத்துக்கு நடுவே நின்று, 'இன்னொரு தடவை காட்டு' என்று கேட்டவர்களுக்குப் பீப்பாயில் குச்சி விட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டும் இருந்தாள். இருவரும் சற்று நேரம் அதையே பார்த்தோம்.

"புள்ள எங்கயும் வர வேணாம்" என்றார் மச்சான். "ஒன்னத்தான் கூட்டிட்டுப் போகணும் மாப்ள. மொதலாம் வகுப்புல எடம் இருக்கான்னு கேக்குறேன்."

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எங்கள் குடும்ப விருந்தில் பிரியாணியோடு ஒரு சட்டி கஞ்சியும் கட்டாயம். அதற்குப் பெருநாள் கஞ்சி என்று பெயர். பெயர்க் காரணம் தெரியாத புது மருமகள் யாராவது வந்தால், மாமி அடுப்பிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்வார். சொல்லச் சொல்ல என் கயோங் பெரிதாகிக்கொண்டே போகிறது. போன தடவை அது வாளியாகிவிட்டது. கதை முடிந்ததும் மச்சான் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, இப்போது எந்த வகுப்பு என்று கேட்க வேண்டும். அதுவும் கட்டாயம். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்த வருடம் நான் குனிவதற்குள் நஸ்ரின் முந்திக்கொண்டாள். "மூணாம் வகுப்பு மாமா. நல்லா வர்றாங்க. இப்பல்லாம் தெரியலன்னா கையத் தூக்கிக் கேக்குறாங்க."

எழுதி முடித்தது: ஷவ்வால் பிறை இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. தம்போய்.